முள்ளு கீழே கிடந்தால் குளிர் எண்டு அர்த்தமில்லை

பளை தாண்டும்போது முள்ளு நடுவில் நின்றது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் உப்புக்காற்று அடிக்க, அது மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. "காத்துக்கு எஞ்சின் நல்லாக் குளிர்ந்திட்டுது" எண்டு எங்களில் ஒருவன் சொன்னான். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பரந்தனுக்குக் கிட்டப் போகேக்க காருக்கு இழுவை குறைஞ்சுது, எங்கேயோ தட்டுற மாதிரி ஒரு சத்தம், பேந்து பொனற்றின் இடுக்குகளால் வெள்ளையாய் ஆவி. வீதியோரம் நிப்பாட்டிப் பார்க்கிறம், முள்ளு இன்னமும் குளிர்ப் பக்கத்தில்தான் படுத்துக் கிடக்கு.

கார் எங்களுடையதில்லை. தோழன் ஒருவனின் அப்பாவுடைய பழைய மாருதி 800. காலமையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் அந்த வீடு ஓடுது. சனி ஞாயிறு சும்மா நிற்கிற கார்தானே எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனனாங்கள். அதுக்குப் பிறகு மூன்று கிழமை கார் ஓடவில்லை. ஹெட் காஸ்கற் போய், ஹெட் வளைந்து, லேத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது. அந்த மூன்று கிழமைக்குள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் வேறு வானுக்கு மாறிவிட்டார்கள். தாய் தகப்பனைக் குறை சொல்ல ஏலாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத்தானே வேணும்.

இன்னொரு இழப்பும் இருக்கு. ஆவி வருது, தண்ணி இல்லைப்போல எண்டு எங்களில் ஒருவன் துவாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திருகினான். பாதி திருகினதுதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் வெந்துபோச்சு. ஆரோ ஓடிவந்து பற்பசை பூசச் சொன்னார்கள், நாங்களும் பூசினோம். அதுவும் பிழை எண்டு ஆசுப்பத்திரியில்தான் தெரிஞ்சுது. வெந்த இடத்தை 20 நிமிடம் ஓடுற குளிர்ந்த தண்ணியில் பிடித்திருக்க வேணும், அவ்வளவுதான். காரைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாது, சூட்டைப் பற்றியும் ஒண்டும் தெரியாது எண்டு ஒரே மத்தியானத்தில் விளங்கியது.

அந்த முள்ளு பொய் சொன்னது எண்டுதான் முதலில் எல்லாரும் கத்தினோம். பேந்து ஆறுதலாக இருந்து வாசித்து, கேட்டு, ஒரு பழைய சென்சரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. வெப்பநிலைச் சென்சர் எஞ்சினின் சூட்டை அளப்பதில்லை. தன்னைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தண்ணியின் சூட்டைத்தான் அளக்குது. கீழ்க் குழாயில் ஒரு சின்னக் கசிவு. தண்ணி இறங்கி இறங்கி, சென்சரின் நுனி வெறும் வெளிக்குள் தொங்கியிருக்கு. தண்ணி தருகிற அளவுக்கு வெறும் வெளியும் ஆவியும் சூட்டைக் கடத்தாது. அதனால் எஞ்சின் வேகவேக முள்ளு இறங்கியிருக்கு. தனக்குத் தெரிஞ்சதை அது சரியாத்தான் சொன்னது. நாங்கள்தான் அதைப் பிழையாக வாசித்தோம். ஓடிக்கொண்டிருக்கும் காரில் காரணமில்லாமல் முள்ளு கீழே விழுந்தால், மேலே ஏறினதைவிட அதிகமாகப் பயப்பட வேணும்.

உள்ளுக்குள் பெரிய வித்தை ஒண்டும் இல்லை. பித்தளை உடம்புக்குள் ஒரு சின்ன மணி. சூடு ஏற ஏற அதின்ர மின்தடை குறையும். பெரும்பாலான சின்னக் கார்களில் 20 பாகை செல்சியஸில் 2000 தொடக்கம் 3000 ஓம் வரை காட்டும், 80 பாகைக்கு வரும்போது 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சினின் கணினி 5 வோல்ற் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருது எண்டு பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடும். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்கள் இதைப் படித்திருப்பார்கள். கலைப்பிரிவில் வந்த நாங்கள் படிக்கவில்லை. ஆனால் பௌதிகவியல் படித்த சினேகிதர்களிடம் கேட்டால், அவர்களும் கடதாசியில் வரைபு கீறுவார்களே தவிர, அந்த மணி தங்கட வீட்டுக் காரில் எங்கே இருக்கு எண்டு காட்ட மாட்டார்கள். அந்த விசயத்தில் இரண்டு பீடமும் சமன்.

ஒரு சின்னக் காரில் இப்படி எத்தனை இருக்கு எண்டு எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எஞ்சின் தண்ணிக்கு ஒண்டு. பழைய கார்களில் முள்ளுக்கு வேறு, கணினிக்கு வேறு, ஃபானைப் போட வேறு சுவிட்ச். உள்ளே இழுக்கிற காற்றின் சூட்டுக்கு ஒண்டு. ஏசி வைத்த காரில் குளிர்ப்பெட்டியின் தகட்டில் ஒண்டு. அது செத்தால் தகட்டில் ஐஸ் கட்டிக் காற்று வராமல் போகும், அல்லது ஏசியே போடுபடாது. நாங்கள் கண்ட ஒருவர் இதுக்காக இரண்டு தரம் காஸ் அடித்தவர். அக்குவா மாதிரி ஹைபிரிட் கார்களில் பற்றரிக்குள்ளேயும் சென்சர்கள் இருக்கு. பின் சீற்றின் கீழ்ப்பக்கத்தில் காற்றுப் போகிற ஒரு துவாரத்தைக் கண்டிருப்பீர்கள், பற்றரி குளிர்வது அதால்தான். எங்கட ஆட்கள் அதுக்கு முன்னால் அரிசி மூட்டையை வைத்து அடைத்துவிட்டு, ஹைபிரிட் பற்றரி கூடாது எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்கள்.

இனி எங்கட கோபத்துக்கு வருவோம்.

அந்த மாருதியில் ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு சின்னச் சுவிட்ச் இருந்தது. என்ன எண்டு கேட்டதுக்கு, "அது ஃபான் டிரெக்ற்" எண்டு தோழன் சாதாரணமாகச் சொன்னான். இரண்டு வருசத்துக்கு முதல் ஃபான் தானாகப் போடுபடாமல் விட்டிருக்கு. கொண்டுபோன கராஜில் ஃபான் சுவிட்சை மாற்றாமல் வயரை வெட்டி, கையால் போடுற மாதிரி ஒரு சுவிட்சுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதோட தேர்மோஸ்ராட்டையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். கேட்டால், "எங்கட ஊர் வெயிலுக்கு உது தேவையில்லைத் தம்பி, உது குளிர் நாட்டுக்காரனுக்கு" எண்டு பதில்.

இந்த ஒரு வசனத்தை யாழ்ப்பாணத்தில் எத்தனை கராஜில் கேட்டிருப்போம். கேட்கிறதுக்கு நியாயம் மாதிரியும் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கோ. எஞ்சின் வேலை செய்யவேண்டிய சூடு ஏறக்குறைய 90 பாகை. தேர்மோஸ்ராட் 82 தொடக்கம் 88 வரைக்குள் திறக்கிற மாதிரித்தான் செய்கிறார்கள். வெளியில் 5 பாகை எண்டாலும் எங்கட 32 பாகை எண்டாலும், இரண்டுமே 90க்கு எவ்வளவோ கீழேதான். எங்கட வெயிலிலும் எஞ்சினுக்குத் தன்னுடைய சூட்டுக்கு ஏற நேரம் வேணும். தேர்மோஸ்ராட் இல்லாமல் ஓடினால் சின்னத் தூரம் போகும்போது அந்தச் சூட்டுக்கு வராமலே நிற்கும். கணினி சென்சரைப் பார்க்கும், எஞ்சின் இன்னும் குளிர் எண்டு நினைக்கும், பெற்றோலைக் கூட விடும். பள்ளிக்கூட ஓட்டம் எண்டால் முழுக்க முழுக்கச் சின்னத் தூரம்தான். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றருக்கு வரிசையில் நிண்ட நாட்கள் ஒருத்தருக்கும் மறந்திருக்காது. அந்த வரிசையில் நிண்ட எத்தனை கார் தேர்மோஸ்ராட் இல்லாமல் நிண்டதோ.

ஃபானை டிரெக்ற் போட்டதில் இன்னொரு ஆபத்து. தண்ணி குறைகிற காரில் முதலில் தெரிகிற அடையாளம், ஃபான் வழமைக்கு மாறாக ஓடுறது அல்லது ஓடாமல் விடுறது. அதைக் காதால் கேட்டே பழைய சாரதிமார் கண்டுபிடிப்பார்கள். எப்பவும் போட்டபடி இருக்கிற ஃபான் ஒண்டும் சொல்லாது. தோழனின் அப்பா நல்ல ஓட்டுநர், கவனமான மனிசர். கார் அவரோடு கதைக்கிற வழிகளை ஒவ்வொண்டாக அடைத்துவிட்டு, அவருக்கு ஒரு சுவிட்சைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இதில் கராஜ்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுகம். நாங்களும் ஒரு கிழமை அதைத்தான் செய்தோம். பேந்து வேறொரு கராஜில், ஹெட்டைக் கழற்றித் திருத்தித் தந்த அண்ணையிடம் இதைக் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "நான் சென்சர் மாத்துவம் எண்டு சொன்னா, விலை கேட்டிட்டு, அண்ணை இப்ப எப்பிடியாவது ஓடப் பண்ணித் தாங்கோ எண்டுதான் சொல்லுவினம். ஓடப் பண்ணிக் குடுத்தா நான் நல்ல மெக்கானிக். சரியாச் செய்வம் எண்டா நான் காசு புடுங்கிற ஆள்." எங்களுக்குப் பதில் இல்லை. எங்கட வீடுகளிலும் அப்படித்தான் கதைக்கிறம்.

அதுக்கு ஒரு பின்னணியும் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருசம் இந்த நாட்டில் இருந்த கார்களே இருந்தபடி கிழண்டன. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால், பள்ளிக்கூட ஓட்டம் ஓடுற ஒருவர் புதுக் கார் நினைக்கவே ஏலாது. இருபது, இருபத்தைந்து வருசக் கார்களைத்தான் நாங்கள் இன்னும் கனகாலம் ஓடப் போறம். அப்படிப்பட்ட நாட்டில், ஒரு சென்சரைப் பழுதடைந்தால் வெட்டி எறியலாம் எண்டு நினைக்கிறது சிக்கனம் இல்லை. அந்த மாருதிக்கு முதலிலேயே சுவிட்சை மாற்றியிருந்தால் போன காசையும், ஹெட்டுக்குப் போன காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுகைதான் வரும்.

யாழ்ப்பாணத்துக்கு எண்டே ஒரு பிரச்சினையும் இருக்கு. எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறவை. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதை எல்லா வீட்டிலும் கண்டிருப்பீர்கள். அதே தண்ணியைத்தான் போத்திலில் அள்ளி ரேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். அந்த வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும், சென்சரின் நுனியிலும் போர்வை மாதிரிப் பிடிக்கும். போர்வை போர்த்த சென்சர் சூட்டைச் சுணங்கித்தான் சொல்லும். கூலன்ட் வாங்க ஏலாவிட்டால் பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணியையாவது விடலாம். ஆனால் கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்தும் இருக்கு, வெறும் தண்ணியில் அது இல்லை. வழியில் வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணி விட்டால், வீட்டுக்கு வந்து முழுக்கக் கழுவி மாற்றுங்கோ. கடலோரக் காற்றுக்குச் சென்சரின் சொருகியில் பச்சை பூக்கிறதும் எங்களுக்குப் பழக்கமான விசயம். சென்சர் செத்துப்போச்சு எண்டு கொண்டுவந்த கார்களில் கனக்கச் சொருகியைக் கழற்றித் துப்புரவாக்கினதோடயே சரிவந்ததாக அந்த அண்ணை சொன்னார். எலி கடித்த வயரும் அவர் கணக்கில் ஒரு பெரிய பங்கு.

பார்க்கிறதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். 1996க்குப் பிந்திய கார்கள் பலதில், ஸ்ரியறிங்குக்குக் கீழே ஸ்கானர் சொருகிற இடம் இருக்கும். அதில் கொழுவுகிற சின்ன புளூரூத் கருவி ஒண்டை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கினோம். இரவு முழுக்க நிண்ட காரைக் காலமை ஸ்ராற் பண்ண முதல், திறப்பை மட்டும் திருப்பிப் போனில் பாருங்கோ. தண்ணியின் சூடும், இழுக்கிற காற்றின் சூடும், வெளிச் சூடும் ஏறக்குறைய ஒண்டாக இருக்க வேணும். மூண்டும் 28, 29 எண்டு காட்டும்போது ஒண்டு மட்டும் 12 எண்டு காட்டினால் அதுதான் கள்ளன். ஸ்ராற் பண்ணின பிறகு தண்ணியின் சூடு படியாய் ஏறி, தேர்மோஸ்ராட் திறக்கிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, பேந்து ஃபான் போடுபட்டு இறங்க வேணும். இடையில் 90இலிருந்து 40க்குக் குதித்தால் எஞ்சின் அப்படிக் குதிக்காது, வயரைப் பாருங்கோ. மறை 40 எண்டு காட்டினால் வயர் அறுந்திருக்கு எண்டு அர்த்தம். நுவரெலியாவிலும் அந்தக் குளிர் கிடையாது. வயர் முழுக்க அறுந்தால் கணினி கண்டுபிடித்து எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும். மோசமானது அரைகுறையாய்ப் பழுதான சென்சர். 90ஐ 60 எண்டு சொல்லும், கணினியும் நம்பும், விளக்கும் எரியாது, பெற்றோல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பழைய காருக்கு ஸ்கானர் சரிவராது எண்டால் சட்டியில் தண்ணி வைத்துப் பார்க்கலாம். நாங்கள் விடுதிக் குசினியில் செய்தோம். சென்சரின் நுனியைத் தண்ணிக்குள் தொங்கவிட்டு, மல்ரிமீற்றரைக் கொழுவி, தண்ணியைச் சூடாக்கிக்கொண்டு போக, ஓம் கணக்கு வழுக்கி வழுக்கி இறங்கிச்சு. 2400, 1100, 600, 320. நடுவில் எங்கேயும் குதிக்கவில்லை. இலக்கியம் படிக்கிற எங்களில் ஒருத்தி கைதட்டினாள். திரும்பப் பூட்டும்போது ஒரு விசயம்: ஒற்றை வயர் சென்சர் எண்டால் அதின்ர உடம்பே மற்ற வயர். மரையில் வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் அதுக்குப் பூமியே கிடைக்காது. தண்ணி திரும்ப விட்ட பிறகு உள்ளே அடைபட்ட காற்றையும் வெளியேற்ற வேணும். இல்லாவிட்டால் புதுச் சென்சரும் காற்றுக் குமிழிக்குள் இருந்துகொண்டு பழைய கதையையே சொல்லும். மூடியை மட்டும் சூட்டில் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் இருக்கிறபடியால் அந்தத் தண்ணி 100 தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி இளகினவுடன் ஒரேயடியாய்க் கொதித்து வெளியே பாயும். துவாய் ஒண்டும் காப்பாற்றாது, எங்கட தோழனின் கை சாட்சி.

அந்தக் கைதட்டினவளின் கதையையும் சொல்ல வேணும். ஸ்கானரில் தன்ர வீட்டு வகன் ஆரில் தண்ணியின் சூடு குதிக்கிறதைக் கண்டு, அதைப் போனில் பதிவு செய்துகொண்டு ஒரு கராஜுக்குப் போனவள். அங்கே இருந்தவர் பதிவைப் பார்க்கவேயில்லை. "அப்பாவை வரச் சொல்லுங்கோ தங்கச்சி." பக்கத்தில் சும்மா துணைக்குப் போன எங்கட பெடியனிடம்தான் முழுக் கதையும். அவனுக்கு ஓமுக்கும் வோல்ற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வகன் ஆரில் முள்ளும் இல்லை, குளிருக்கு ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடையில் நடக்கிற எதையும் கார் ஓட்டுகிறவருக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு செய்தவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தக் கராஜ்காரரும் அதே முடிவுதான் எடுத்தார். கடைசியில் அவள் வேறிடத்துக்குக் கொண்டுபோய்ச் சொருகியை மாற்றுவித்தாள். அரை மணித்தியால வேலை.

எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள், கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு உது என்னத்துக்கு எண்டு. நாங்கள் தினமும் ஏறுகிற ஓட்டோ, பஸ், வான் எல்லாவற்றிலும் ஒரு முள்ளோ விளக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருக்கு. அதைச் சாரதி எப்படி வாசிக்கிறார் எண்டதில் எங்கட உயிரும் இருக்கு. பிரதி ஒண்டை வாசிக்கும்போது ஆர் சொல்லுகிறார், எங்கே நிண்டு சொல்லுகிறார் எண்டு கேட்கப் பழக்குகிறார்கள். ஆனையிறவில் அந்தக் கேள்வியை ஒரு முள்ளிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மாருதி இப்ப ஓடுது. தேர்மோஸ்ராட் போட்டாச்சு, ஃபான் தானாகப் போடுபடுது. ஸ்ரியறிங்குக்குக் கீழே இருந்த சுவிட்சை மட்டும் கழற்ற வேண்டாம் எண்டு அங்கிள் சொல்லிவிட்டார். "கிடக்கட்டும் தம்பி, ஒரு தைரியத்துக்கு." காலமையில் காரை எடுக்க முதல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறார். மாறிப்போன பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஹெட் வேலைக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய பங்கில் இன்னும் அரைவாசி பாக்கி.